வந்தவர் குழி

எங்கள் உபதேசியாருக்குக் கைகுலுக்கத் தெரியாது. வந்தவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பிடித்தால் விடமாட்டார். பெண்கள் என்றால் கைகூப்பிக்கொண்டு வழியை மறித்து நிற்பார். அப்படியே கோயில் வாசலில் வைத்துக் கேள்வி கேட்பார். எந்த ஊர், எந்தச் சபை, போதகர் யார், ஆராதனை முடிந்தால் அங்கே கோப்பி கொடுப்பார்களா, கொடுத்தால் பால் விட்டா விடாமலா. எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, குரலைக் கொஞ்சமும் மாற்றாமல், கடைசியாக ஒன்று கேட்பார்.

"உங்க சபையில அடக்கத்துக்கு என்ன பாட்டுப் பாடுவாங்க?"

நான் கலியாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவில் ஜொகூருக்கு வந்த புதிதில் என்னிடமும் கேட்டார். என் கணவர் குளுவாங்குக்கும் லாபிசுக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் மாஸ்டர். ஸ்டேஷன் என்றால் ஒரு மேடை, ரப்பர் ஷீட் அடுக்க ஒரு கொட்டகை, பின்னால் எங்கள் வீடு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரப்பர் தோட்டம். போக வேறு கோயில் இல்லை. மரத்தில் பால் வெட்டுகிறவர்களும் புல் வெட்டுகிறவர்களும் கூடுகிற தோட்டத்துப் பலகைக் கோயிலுக்கு, என் கணவர் வெள்ளைக் கோட்டுப் போட்டு டை கட்டிக்கொண்டு, முகத்தையும் இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்.

அந்தக் கேள்விக்கு என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன், எங்கள் சபையில் பாடும் பாட்டை. உபதேசியார் முதல் அடியை மெல்ல முனகி, "இந்த ராகமாம்மா?" என்றார். இல்லை, இரண்டாம் அடியில் இறங்க வேண்டும் என்றேன். வெயிலில் நின்றபடியே மறுபடி மறுபடி பாடிப் பார்த்து, சரியாக வந்த பிறகு முகமெல்லாம் மலர்ந்து, "வாங்க, உள்ள வாங்க" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் என் கணவர் சொன்னார்: "உவருக்கு விசர். வந்த சனத்திட்டச் செத்த வீட்டுப் பாட்டுக் கேக்கிற உபதேசியாரை நான் இஞ்சைதான் பாக்கிறன்."

ஆனால் அவர் பைத்தியக்காரர் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மெலிந்த உடம்பு, முட்டிவரை தொங்கும் பழைய கோட்டு, எப்போதும் நகத்துக்குள் மண். பிரசங்கம் சுமார்தான். பாதியில் மறந்துபோய் வேறு எங்கோ போய்விடுவார். ஆனால் வந்தவர்களைக் கவனிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோயிலில் ஒரே ஒரு பெஞ்சுக்குத்தான் சாய்மானம் இருந்தது. அது ஜன்னலோரம், காற்று வரும் இடம். அது வந்தவர் பெஞ்சு. கங்காணியே வந்தாலும் அதில் உட்கார முடியாது. உபதேசியார் மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லி எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி செய்யமாட்டார். "அவங்க என்ன பொருட்காட்சியா" என்பார். அவர்களுக்குத் தெரிந்த பாட்டு ஒன்றாவது அன்றைக்குப் பாடியாக வேண்டும்.

ஒருமுறை குளுவாங்கிலிருந்து சீனர் ஒருவர் வந்தார். ரப்பர் வாங்குகிற வியாபாரி, ஏதோ சீனச் சபையைச் சேர்ந்தவர். ரயிலைத் தவறவிட்டுவிட்டு, பாட்டுச் சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, உபதேசியாருக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் அரைகுறை மலாயில் வாசலில் வெகுநேரம் பேசினார்கள். பிறகு அந்த மனிதர் வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் பாஷையில் ஒரு பாட்டு முழுவதையும் தனியாகப் பாடினார். சபை அசையாமல் கேட்டது. முடிந்ததும் உபதேசியார், "இன்னொரு தடவை" என்று விரலைக் காட்டினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது அது என்ன பாட்டு என்று.

அந்தப் பாட்டுகளெல்லாம் அவருக்கு எதற்கு என்று எனக்குச் சொன்னவள் பாக்கியம். பால் வெட்டுகிறவள், காலை வேலை முடிந்ததும் எங்கள் வீட்டில் வந்து துணி துவைத்துக் கொடுப்பாள். கோயிலுக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு. அதில் ஒரு துத்தநாகத் தகடு கிடக்கும். ஏதோ கூரையிலிருந்து பறந்து வந்தது என்று நினைத்திருந்தேன்.

"அலமாக், அது கிட்டப் போயிராதீங்கம்மா. அதுக்குக் கீழதான் வந்தவர் குழி இருக்கு" என்றாள் பாக்கியம்.

எப்போதும் ஒரு குழி வெட்டித் தயாராக இருக்கும். வேறு சபையிலிருந்து வந்த யாராவது இங்கே இறந்துபோனால் அதில் வைப்பார்கள். வைத்த மறுநாளே உபதேசியார் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வெட்டிவிடுவார். சபையாருக்கு அந்த மேடு கிடையாது. அவர்களுக்கு ஆற்றோரப் பள்ளம். நல்ல பெஞ்சைப் போலவே நல்ல மண்ணும் வந்தவர்களுக்குத்தான்.

"திறந்து வச்ச குழி ஆள் கேக்கும்னு சொல்லுவாங்களேம்மா. நம்ம ஆளுகள அது எடுக்காது. வந்தவங்களத்தான் எடுக்கும்" என்று அவள் சேலையைப் பிழிந்தபடி சொன்னாள். நான் வந்தவள் என்பது அவளுக்கு அந்த நேரம் மறந்துவிட்டது போலும்.

சனிப் பிணம் தனிப் போகாது என்று கோழியைக் கூடக் கட்டி அனுப்புகிற சனம் அது. கிறிஸ்தவர்களானால் என்ன, பயம் எல்லாருக்கும் ஒன்றுதான். நாங்கள் வருமுன்பு ஒருமுறை பெண்கள் எல்லாரும் சேர்ந்து, உபதேசியார் ஊரில் இல்லாத நாள் பார்த்து, ஆளுயர வாழைத்தண்டு ஒன்றை வெள்ளைத் துணியில் சுற்றிக் குழிக்குள் கிடத்தி மூடிவிட்டார்களாம். ஆளுக்குப் பதில் தண்டு. கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாகப் போனார்கள். அவர் திரும்பி வந்தார், பார்த்தார், ஒருவரையும் ஒரு வார்த்தை கடியவில்லை. மறுபடி தோண்டி, தண்டை வெளியே எடுத்துக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூட்டு வைக்கச் சொன்னார். யாரும் அதைத் தொடவில்லை. அவர் மட்டும் இலையில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார் என்று பாக்கியம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கையில் மயிர்க்கூச்சும் எடுத்தது. எனக்கும் அப்படித்தான்.

அந்தக் குழி நிறைவதை நானே ஒருமுறை பார்த்தேன். தெலுங்குக் கிழவர் ஒருவர், சிங்கப்பூரில் மகனைத் தேடிப் போகிறவர், வயிற்றுப்போக்கு வந்து எங்கள் ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். ஞாயிறு கோயிலில் அந்தப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வியாழன் அன்று மேட்டில் இருந்தார். உபதேசியார் குழியருகே நின்று, வாசலில் சொல்வது போலவே, "வாங்க, ஐயா" என்றார். பிறகு தெலுங்கில் ஒரு பாட்டை முழுக்கப் பாடினார். கிழவரிடம் ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டது. எல்லாரும் அழுதார்கள். நான் அழவில்லை. உபதேசியாரின் நகத்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்தவர்களுக்காகக் குழி வைத்திருக்கிறாரா, குழிக்காக வந்தவர்களை வைத்திருக்கிறாரா என்று எனக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது.

என் கணவருக்கு இந்தப் பேச்செல்லாம் வேடிக்கை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த நல்ல பெஞ்சில் என்னோடு உட்காருவார். ஆனால் சபையில் பேர் கொடுக்கமாட்டார். வருஷங்கள் ஓடியும் எங்கள் பேர் யாழ்ப்பாணத்துச் சபையில்தான் இருந்தது. "அரசாங்க உத்தியோகத்தன் கூலிச் சபையில பேர் குடுக்கிறதோ? ஊரில கேள்விப்பட்டால் சிரிக்காயினமோ?" என்பார். எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு வீம்பு. ஒன்றாக உட்காரலாம், ஒன்றாகப் பாடலாம், பேர் மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. அதனால் உபதேசியாரும் வாராவாரம் வாசலில் எங்களை வந்தவர்களாகவே வரவேற்றார். "எந்தச் சபை?" என்று ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார். அது மரியாதை என்று என் கணவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அந்த மழை வரும் வரைக்கும்.

அந்த வருஷம் மார்கழி மழை விடவே இல்லை. ஆறு கரையை மீறி, ஆற்றோரப் பள்ளம் முழுக்கத் தண்ணீர். தண்டவாளத்தின் மேலும் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. ரயில் இல்லாத ஸ்டேஷனில் ஈரக் கோட்டோடு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்த என் கணவரைக் காய்ச்சல் பிடித்தது. காட்டுக்காய்ச்சல். கொய்னா கொடுத்தும் கேட்கவில்லை. உடம்பு தூக்கிப் போடும், பிறகு நெருப்பாய்க் கொதிக்கும், பிறகு வியர்த்து ஓயும், மறுபடி தூக்கிப் போடும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, குளுவாங்குக்குக் கொண்டுபோனால் நல்லது என்றார். எப்படிக் கொண்டுபோவது என்று அவரும் சொல்லவில்லை.

சபையார் வந்து வந்து பார்த்தார்கள். கோழிச் சாறு கொண்டுவந்தார்கள், ஜெபம் பண்ணினார்கள். எல்லாருடைய கண்ணும் என் மேல் ஒரு மாதிரியான இரக்கத்தோடு விழுந்து விலகியது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் கேட்க எனக்குத் தேவையிருக்கவில்லை. அந்த வட்டாரத்தில் வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு மத்தியானம் பாக்கியத்தைக் காவல் வைத்துவிட்டு, குடையும் இல்லாமல், நேரே மேட்டுக்குப் போனேன். குழியை மூடச் சொல்லிச் சண்டை போடத்தான் போனேன். துத்தநாகத் தகடு ஒரு பக்கம் கிடந்தது. உள்ளேயிருந்து சளக் சளக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் உபதேசியார் குழிக்குள் நிற்கிறார். மண்ணெண்ணெய் டின்னால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் போன பக்கமெல்லாம் சுண்ணாம்பு தூவி, மேலே காய்ந்த லாலான் புல் பரப்பியிருந்தார்.

என்னைக் கண்டதும், "பாத்து நில்லுங்கம்மா, வழுக்கும். தண்ணி நின்னா வந்தவங்களுக்குக் குளிருமில்ல, அதான்" என்றார்.

"ஆருக்கு இப்ப இது? என்ர மனிசனுக்கோ? அவர் இன்னும் சாகேல்லை, உபதேசியார். மூடுங்கோ இதை!" என்று கத்தினேன்.

அவர் டின்னைக் கீழே வைத்தார். மேலே ஏறி வரவில்லை. குழிக்குள் நின்றபடியே, கழுத்து மட்டும் தெரிய, பேசினார்.

"நானும் எம் பொஞ்சாதியும் இந்த நாட்டுக்கு வந்த புதுசில ஒரு டவுன்ல தமிழ்க் கோயிலுக்குப் போனோம்மா. அப்படி ஒரு வரவேற்பு! முன்னால உக்கார வச்சாங்க, கோப்பி குடுத்தாங்க, பிஸ்கோத்துக் குடுத்தாங்க, அவளுக்குப் பூக்கூட வச்சாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள காய்ச்சல்ல போயிட்டா. போய் நின்னேன். அழுதாங்கம்மா, பொய்யா அழல. ஆனா எடம் அவங்க சபைக்குத்தானாம். நாங்க வேற மிஷனாம். பெரியவரைக் கேக்கணுமாம், நாளைக்கு வாங்கன்னாங்க. நாளைக்கும் நாளைக்கு வாங்கன்னாங்க. அவளை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குமா உக்காந்திருப்பேன்? ரயில் ரோட்டு ஓரமா நானே வெட்டி நானே வச்சேன். அப்புறம் ரோட்டை அகலப்படுத்திட்டாங்க. இப்ப அவ மேலதான் ரயில் போகுது. ஐயா கொடி காட்டி அனுப்புறாரே, அதே ரயில்தான்."

மழை அவர் தலையில் கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"கோப்பி குடுக்கிறது வரவேற்பு இல்லம்மா. இவங்க நம்மகிட்ட வந்து செத்தா எங்க வைப்போம்னு, அவங்க உயிரோட இருக்கும்போதே யோசிச்சு வச்சிருக்கணும். அதுக்குப் பேருதான் வரவேற்பு."

இப்போது நான் போகிற பட்டணத்துக் கோயிலில் வாசலில் நின்று சிரிப்பதற்கென்றே ஆள் போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் சிரிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் குழிக்குள்ளிருந்து என்னை நிமிர்ந்து பார்த்த அந்த ஈர முகம்தான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு அதைப் பார்த்து எனக்கு இரக்கமும் வந்தது, அதைவிட அதிகமாகப் பயமும் வந்தது.

"அவரைச் சபையில சேர்த்துக்கொள்ளுங்கோ" என்றேன். பாக்கியம் சொன்னது மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நம்ம ஆளுகளை அது எடுக்காது. "எங்கள் ரெண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. பிறகு நாங்கள் வந்த ஆக்கள் இல்லைத்தானே?"

அவர் டின்னை மறுபடி கையில் எடுத்தார். "அது அவர் வாயால சொல்லணும்மா" என்றார்.

அன்று சாயங்காலமே வந்தார். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, என் கணவரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயா, எங்க சபையில பேர் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நான் நின்றேன். ஒரு சொல். அந்த மனிதர் ஆமென்று ஒரு சொல் சொன்னால் போதும். காய்ச்சலில் வெந்துகொண்டிருந்தவர் கண்ணைத் திறந்து, ஸ்டேஷன் மேடையில் கூலிகளைப் பார்க்கிற அதே பார்வை பார்த்தார்.

"நான் யாழ்ப்பாணத்துச் சபை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உமக்கென்ன விசரே?" என்றார். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. செத்தாலும் கெத்து விடாத சாதி எங்களது. உபதேசியார் கோபப்படவில்லை. என் கணவரின் கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்துவிட்டு, யோசித்துக்கொண்டே எழுந்து போனார்.

அடுத்த நாள் ஞாயிறு. கணவரை விட்டுப் போக மனமில்லை. ஆனால் வீட்டிலிருந்தாலும் செய்ய ஒன்றும் இல்லை, கோயிலில் போய் அழவாவது அழலாம் என்று போனேன். வாசலில் உபதேசியார் இல்லை. நான் அறிந்து அப்படி நடந்ததே இல்லை. உள்ளே போனால் வந்தவர் பெஞ்சில், என் கணவர் உட்காரும் இடத்தில், உட்கார்ந்திருந்தார். கோட்டைத் துவைத்துப் போட்டிருந்தார். நகங்கள் சுத்தமாக இருந்தன.

சபை ஒன்றும் புரியாமல் பார்த்தது. கங்காணி எழுந்து, "என்னய்யா இது, ஆராதனையை ஆரம்பிங்க" என்றார். கங்காணி அங்கே சபை மூப்பரும்கூட.

"இன்னைக்கு நீங்க நடத்துங்க. நான் இந்தச் சபையில இருந்து பேரை எடுத்துக்கிட்டேன்."

"எடுத்துட்டு?"

உபதேசியார் என் பக்கம் தலையைச் சாய்த்தார். "இந்த அம்மாவோட சபையில சேந்துக்கலாம்னு இருக்கேன். சேத்துக்குவீங்களாம்மா?"

எங்கள் சபையில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதற்கெல்லாம் ஒழுங்குண்டு. அங்கே இவரை வாசல் தாண்ட விடுவார்களா என்பதே சந்தேகம். ஆனால் அந்தச் சபையின் ஆள் என்று அங்கே இருந்தது நான் ஒருத்திதான். சாகக் கிடக்கிறவரை நினைத்தேனோ, இவர் முகத்தைப் பார்த்தேனோ, தலையை ஆட்டினேன். அவர் கைகூப்பினார். ஆராதனை முழுக்க என் பக்கத்தில், வந்தவரைப் போலவே, எந்தப் பாட்டு எப்போது என்று தெரியாதவரைப் போலவே, மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து எழுந்தார், உட்கார்ந்தார். அவரிடமிருந்து சுண்ணாம்பு வாசனை வந்தது.

புதன்கிழமை காலை அவர் கோயிலை ஒட்டிய தன் அறையில் இறந்து கிடந்தார். அந்தத் துவைத்த கோட்டைப் போட்டபடி, கால்களைச் சேர்த்து வைத்தபடி. காய்ச்சல் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. குழித் தண்ணீரில் நின்று நின்று குளிர் நெஞ்சில் இறங்கியிருக்கும் என்றார் டிரஸ்ஸர். இருக்கலாம். அதே டிரஸ்ஸர்தான் என் கணவரையும் பார்த்துவிட்டு, இன்று பொழுது தாண்டினால் பெரிது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் கோயிலுக்குப் போனபோது பெட்டி செய்து முடித்திருந்தார்கள். ஆண்கள் ஆற்றுப் பக்கம் போகக் கயிறு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கை கொண்டுபோறியள்?" என்றேன்.

"பள்ளத்துக்குத்தான்மா" என்றார் கங்காணி.

"அங்கை தண்ணியெல்லே நிக்குது."

"வேற எடம் இல்லையே. மேட்டடியில ரெண்டு பக்கம் வெட்டிப் பாத்தாச்சு, வெட்ட வெட்டச் சரியுது. தண்ணியில எறக்கி மேல கல்லை வச்சிருவோம். வடிஞ்சதும் நல்லபடியா வச்சுக்கலாம்."

"குழிதான் ஒண்டு வெட்டிக் கிடக்குதே!"

அவர் தொப்பியைக் கையில் சுற்றினார். மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கடைசியில், ஒரு நல்ல மனிதர் ஒரு கெட்ட செய்தியை எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

"அது வந்தவங்களுக்கும்மா. நாங்க எடுக்கக் கூடாது. அப்புறம்… மாஸ்டர் ஐயாவுக்கு வேண்டியிருக்குமே."

அவர்கள் எங்களுக்குக் கொடுத்த மரியாதை அது. தங்கள் உபதேசியாரைத் தண்ணீரில் போட்டுவிட்டு, உயிரோடிருக்கிற என் கணவருக்காக உலர்ந்த இடத்தை விட்டு வைக்கிறார்கள். அவர் கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகத்தான் கற்றிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்தக் குழி இன்றைக்கே மூட வேண்டும், யாரை வைத்தாவது மூட வேண்டும் என்பதுதான் அப்போது என் நினைப்பு. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எந்தப் பெண்சாதியும் அதைத்தான் நினைப்பாள்.

பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னேன். "இவர் உங்கட ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் எல்லாருக்கும் முன்னாலதானே பேரை எடுத்தவர்? இவர் எங்கட சபை. எங்கட ஆள். நான் சேர்த்துக்கொண்டனான். வந்தவர்தான் இவர்."

பிறகு கங்காணி கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு மேட்டுப் பக்கம் திரும்பினார்.

குழி உலர்ந்திருந்தது. அவ்வளவு மழையிலும் தகட்டுக்கடியில் சுண்ணாம்பும் லாலானும் அவர் விரித்தபடியே இருந்தன. பெட்டி இறங்கும்போது, வாசலில் நின்று வரவேற்கிறவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "வாங்க, உபதேசியார்" என்றேன். என்ன பாட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் சபை ஆளுக்கு எங்கள் சபைப் பாட்டுத்தான். நான் தொடங்கினேன். அவர்களெல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. இரண்டாம் அடியில் சரியாக இறங்கினார்கள். எங்களுக்குத் தெரியாமல் எப்போதோ சபை முழுவதற்கும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார், எங்கள் இரண்டு பேருக்காக.

மண் மூடி முடியும் வரை நின்றுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். படியில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

"அம்மா, ஐயா எந்திரிச்சு உக்காந்துட்டாரு! நீங்க பாடினது இங்க வரைக்கும் கேட்டுச்சு லா. அப்பத்தான் கண்ணு முழிச்சாரு. மேல தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருக்கு."

உள்ளே போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஆரைத் தாட்டது? எங்கட பாட்டெல்லே கேட்டது?" என்றார்.

"உபதேசியாரை" என்றேன்.

அவர் போர்வையை விலக்கினார். பிறகு, "பசிக்குது. கஞ்சி தாரும்" என்றார்.

வைத்துக் கொடுத்தேன். உப்புப் போதாது என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, ஆசையாகக் குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊற்றினேன். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.